ஆர்க்கிட் வேர் அழுகாமலிருக்க: எந்தக் கலவை, எப்போது தண்ணீர்

இலை சுருங்கித் தொங்குகிறது, தண்ணீர் போதவில்லை போல என்று இன்னொரு குவளை ஊற்றுகிறோம், அடுத்த வாரம் இலை இன்னும் சுருங்குகிறது, சரி இன்னும் கொஞ்சம் என்று மறுபடி ஊற்ற, ஒருநாள் செடியைத் தொட்டால் தொட்டியிலிருந்து அப்படியே கையோடு வந்துவிடுகிறது. அடியில் வேர் என்று சொல்ல எதுவுமில்லை, பழுப்பு நிறக் கூழும் சில நார்களும்தான். வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்கள் பெரும்பாலும் சாவது இப்படித்தான். ஈரத்தின் நடுவில் நின்றுகொண்டே தாகத்தில் சாகின்றன, ஏனென்றால் தண்ணீரை உறிஞ்ச வேண்டிய வேர் எப்போதோ செத்துவிட்டது.

இதற்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை "தண்ணீரைக் குறையுங்கள்". அதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. மழைக்காட்டில் மரக்கிளையில் தொற்றி வளரும் ஆர்க்கிட் மழைக்காலம் முழுக்கத் தினமும் நனைகிறது, அதன் வேர் அழுகுவதில்லை. நனைந்த கொஞ்ச நேரத்திலேயே காற்று பட்டு உலர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். அதனால் வேரைச் சுற்றிக் காற்று போய்வர இடம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், எவ்வளவு தண்ணீர் என்பது அதற்கு அப்புறம். கலவையையும் (தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பும் பட்டை, கரி போன்ற துணுக்குகள்) தண்ணீரையும் இரண்டு தனி விஷயங்களாக வைத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். கலவையை மாற்றினால் ஊற்றும் பழக்கமும் மாறியாக வேண்டும். ஊற்றும் பழக்கத்தை மாற்ற முடியாதவர் அதற்கேற்ற கலவையைத்தான் தேட வேண்டும்.

வேருக்குள் என்ன நடக்கிறது

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டால் பின்னால் வரும் படிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

ஆர்க்கிட் வேரைச் சுற்றி வெலாமென் என்று ஒரு உறை இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லாத, இறந்த செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து பஞ்சு மாதிரி வேலை செய்யும் உறை அது. தண்ணீர் பட்ட மாத்திரத்தில் உறிஞ்சிக்கொண்டு, உள்ளே இருக்கும் உயிருள்ள பகுதிக்கு நிதானமாகக் கொடுக்கும். காய்ந்திருக்கும்போது அந்தச் செல்களில் காற்று நிரம்பியிருப்பதால் வேர் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் தெரியும், நனைந்ததும் ஒளி ஊடுருவி உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். இந்த நிற மாற்றம்தான் நமக்குக் கிடைத்த இலவச ஈரப்பதமானி. வேகமாகக் குடித்துவிட்டு உலர்வதற்காக உருவான உறை இது. நாள்கணக்கில் நனைந்தே கிடந்தால் அதே உறை உள்வேருக்குக் காற்று போகவிடாமல் அடைத்துவிடும்.

வேரும் மூச்சு விடும் உறுப்புதான், அதற்கு ஆக்சிஜன் தேவை. தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. தொட்டியில் துணுக்குகளுக்கு நடுவே உள்ள சந்துகள் தண்ணீரால் அடைபட்டால் வேருக்கு வரும் ஆக்சிஜன் ஏறக்குறைய நின்றே போகும். செல்கள் முதலில் திணறும், அப்புறம் சாகும், அதற்குப் பின்தான் பித்தியம், பைட்டோப்தோரா, ரைசோக்டோனியா, ஃபியூசேரியம் போன்ற கிருமிகள் சாவகாசமாக உள்ளே நுழைகின்றன. ஈரக் கலவையை அப்படியே வைத்துக்கொண்டு பூஞ்சைக்கொல்லியை மட்டும் மாற்றி மாற்றி ஊற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான். மூல காரணம் அப்படியே இருக்கும்.

படி 1: உங்கள் செடி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா ஆர்க்கிடுக்கும் ஒரே கலவை என்று விற்கப்படும் பைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆர்க்கிட் வகைகளில் ஃபலனாப்சிஸுக்கு நீரைச் சேமிக்கும் குமிழ்த்தண்டு கிடையாது, தடித்த இலையும் தடித்த வேரும்தான் அதன் சேமிப்பு. அதனால் நன்றாக நனைந்து, கிட்டத்தட்ட உலர்ந்து, மறுபடி நனைவது அதற்குப் பிடிக்கும். காட்லியாவிலும் பெரும்பாலான டென்ட்ரோபியங்களிலும் தண்டு தடித்து நீரைத் தேக்கி வைத்திருக்கும், ஆகவே இரண்டு நனைப்புகளுக்கு நடுவே முழுதாகக் காய்ந்தால்கூடத் தாங்கும், காட்லியா அதை விரும்பவே செய்யும். ஆன்சிடியத்துக்கும் குமிழ் உண்டு, ஆனால் வேர் மெல்லியது, பெரிய துணுக்குகளுக்கு நடுவில் சீக்கிரம் வறண்டு போகும். வாண்டாவுக்குக் கலவையே வேண்டாம், கூடையில் வேரைத் தொங்கவிட்டாலே போதும், அதற்குப் பதிலாகத் தினமும் நனைக்க வேண்டும். பேஃபியோபெடிலம் பெரும்பாலும் காட்டுத் தரையில் மக்கிய இலைகளுக்கு நடுவில் வளர்வது, சேமிப்பும் கிடையாது, ஆகவே அதை முழுதாகக் காயவிடக் கூடாது.

பெயர் தெரியாத செடி என்றால் வேரைப் பாருங்கள். வேர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு பெரிய துணுக்கு, வேர் மெலிய மெலியத் துணுக்கும் சிறுக்க வேண்டும். இது ஏறக்குறைய எல்லா இடத்திலும் சரியாக வரும்.

படி 2: இடத்தையும் உங்கள் கையையும் கணக்கில் எடுங்கள்

செடியை வைக்கப் போகும் இடத்தில் காற்றோட்டம் எப்படி, ஈரப்பதம் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு, இரவில் எவ்வளவு குளிரும் என்று பாருங்கள். காற்று அசையாத, வெளிச்சம் குறைந்த, குளிர்ச்சியான மூலையில் ஒரு தொட்டி உலர எடுக்கும் நாள்கள் வெதுவெதுப்பான சன்னலோரத்தைவிடப் பல மடங்கு ஆகலாம். ஒரே கலவை, ஒரே தொட்டி, ஆனால் ஒரு வீட்டில் 4 நாளில் காயும், இன்னொரு வீட்டில் 12 நாள் ஆனாலும் ஈரமாக இருக்கும். அடுத்தவர் சொல்லும் "வாரம் ஒருமுறை" உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அடுத்தது உங்கள் சுபாவம். செடியைப் பார்க்கும்போதெல்லாம் ஊற்றத் தோன்றுகிறவரா? பெரிய துணுக்கு, பக்கவாட்டில் துளைகள் உள்ள தொட்டி, ஈரம் பிடிக்கும் ஸ்பாக்னம் பாசி கொஞ்சமும் இல்லாத கலவை என்று போங்கள், நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் அது ஓடிவிடும். மறந்துபோகிறவரா, அடிக்கடி வெளியூர் போகிறவரா? ஈரம் பிடிக்கும் பொருளைக் கொஞ்சம் சேர்க்கலாம். பழக்கத்தை மாற்றிக்கொள்வேன் என்று யாரும் சொல்வதை நான் நம்புவதில்லை, கலவையை மாற்றுவது அதைவிடச் சுலபம்.

படி 3: பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் வேண்டாததைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மண், மண்புழு உரம், மணல், சாதாரணத் தொட்டிக் கலவை, இவை எதுவும் மரத்தில் வளரும் ஆர்க்கிடுக்கு ஆகாது. தனியாகத் தென்னை நார்த்தூளும் வேண்டாம், அவ்வளவு பொடியான பொருள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு காற்றை வெளியே தள்ளிவிடும்.

பைன் மரப்பட்டைதான் உலகம் முழுக்க அதிகம் புழங்கும் பொருள். நியூசிலாந்தில் வளரும் ரேடியேட்டா பைன் பட்டைக்கு நல்ல பெயர் உண்டு, கெட்டியாக இருக்கும், மெதுவாக மக்கும். புதுப் பட்டை தண்ணீரை ஏற்காமல் தள்ளும், ஆகவே ஓர் இரவு ஊறவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் முதல் சில வாரங்கள் ஊற்றுவதெல்லாம் நேராக அடியில் போய்விடும். நாளடைவில் பட்டை மக்கித் தூளாகும், தூள் சந்துகளை அடைக்கும், முன்பு சரியாக இருந்த அதே அளவு தண்ணீர் இப்போது வேரைக் கொல்லும். 2 வருடம் நன்றாக இருந்த செடி ஏன் திடீரென்று வீணாயிற்று என்று கேட்பவர்களுக்குப் பல நேரம் பதில் இதுதான். நீங்கள் மாறவில்லை, தொட்டிக்குள் இருப்பது மாறிவிட்டது.

ஸ்பாக்னம் பாசியைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. தன் எடையைப் போல 20 மடங்கு வரை தண்ணீரைப் பிடிக்கக்கூடியது, கொடிய பொருள் என்று ஒரு கட்சி ஒதுக்கும். ஆனால் தைவானில் ஃபலனாப்சிஸைப் பெருமளவில் உற்பத்தி செய்பவர்கள் பாசியில்தான் வளர்க்கிறார்கள், பிரமாதமான வேர் வருகிறது. வித்தியாசம் என்னவென்றால் அவர்களுடைய தொட்டி சிறியது, கண்ணாடிக் கூடத்தில் வெப்பமும் காற்றும் கட்டுப்பாட்டில் இருக்கும், எப்போது ஊற்றுவது என்று தெரிந்தவர் ஊற்றுகிறார். வீட்டில் பயன்படுத்துவதானால் தளர்வாக வையுங்கள். அழுத்தி அடைத்தால் நடுவில் காற்றே இருக்காது. அதேபோல முழுக்க முறுகக் காய்ந்த பாசி மறுபடி நனைய அடம்பிடிக்கும், அப்போது 15 நிமிடம் ஊறவைத்தால்தான் வழிக்கு வரும். ஒரு வருடத்தில் மாற்றிவிடுவது நல்லது.

தேங்காய் மட்டைத் துண்டுகள் பட்டையைவிட ஈரம் பிடிக்கும், ஆனாலும் நடுவே காற்றுக்கு இடம் விடும், மக்குவதும் மெதுவாகத்தான். இதில் உப்புதான் தொந்தரவு. சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கலாம். ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் ஊறவைத்து, இப்படி மூன்று தடவையாவது செய்யுங்கள். வடிக்கும் நீர் டீ நிறத்திலிருந்து வெளிறி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மரக்கரி மக்காது, எடையில்லாதது, சந்துகளைத் திறந்து வைத்திருக்கும். விறகுக் கரியாக இருக்க வேண்டும், பசை சேர்த்து அச்சில் வார்த்த அடுப்புக்கரிக் கட்டிகள் கூடாது. கரி எல்லா நச்சையும் உறிஞ்சிவிடும் என்று சொல்வதை அதிகம் நம்ப வேண்டாம், அதன் முக்கியமான வேலை இடம் பிடித்துக் காற்றுக்கு வழி விடுவதுதான். பெர்லைட் (பொரி போல உப்பிய வெள்ளை எரிமலைக் கண்ணாடித் துணுக்கு), சுட்ட களிமண் உருண்டைகள், எரிமலைக் கல், செங்கல் துண்டு எல்லாம் இதே வகை. பெர்லைட்டைக் கொட்டும் முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுங்கள், அதன் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை.

படி 4: கலக்குங்கள்

ஃபலனாப்சிஸுக்கு நான் சொல்லும் அடிப்படைக் கலவை இது: 12 முதல் 18 மி.மீ. பட்டை அல்லது மட்டைத் துண்டு 4 பங்கு, கரி 1 பங்கு, பெர்லைட் அல்லது களிமண் உருண்டை 1 பங்கு. இடம் வறண்டது என்றால் நறுக்கிய பாசி அரைப் பங்கோ 1 பங்கோ சேர்க்கலாம். காட்லியாவுக்கு 18 முதல் 25 மி.மீ. துணுக்கு, கரி தாராளமாக, பாசி வேண்டாம். ஆன்சிடியம், பேஃபியோபெடிலம் போன்ற ஈரம் விரும்பிகளுக்கு 6 முதல் 12 மி.மீ. பட்டை 3 பங்கு, பெர்லைட் 1 பங்கு, சிறு கரித்துண்டு 1 பங்கு.

விகிதத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. துணுக்குகளின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் விகிதத்தைவிட முக்கியம். பெரியதும் பொடியும் சேர்ந்தால் பொடி போய்ப் பெரிய சந்துகளில் உட்கார்ந்துகொள்ளும், பெரிய துணுக்கு வாங்கிய பலனே போய்விடும். கலக்கும் முன் சல்லடையில் சலித்துத் தூளை வேறு செடிக்குப் போட்டுவிடுங்கள். அப்புறம், பாசி சேர்ப்பதானால் முழுக்கப் பரவலாகக் கலந்துவிட வேண்டும். மேலே பட்டை, நடுவில் பாசி என்று அடுக்காக வைத்தால் மேலே தொட்டுப் பார்க்கும்போது காய்ந்திருக்கும், நடுவில் சொதசொதவென்று இருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

படி 5: தொட்டி

தொட்டியின் அளவை வேரைப் பார்த்து முடிவு செய்யுங்கள், இலையைப் பார்த்து அல்ல. வேர்க்கட்டைச் சுற்றி 2 செ.மீ. இடைவெளி இருந்தால் போதும். பெரிதாக வளரட்டும் என்று பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத கலவை உலர வழியில்லாமல் ஈரமாகவே கிடக்கும்.

எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்து நின்ற பிறகும் அடியில் ஒரு பகுதி முழுக்க நனைந்தே இருக்கும், புவியீர்ப்பு இழுக்கும் வேகத்தைவிடத் துணுக்குகள் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பலம் அங்கே அதிகம் என்பதால். அந்த ஈரப் பகுதியின் உயரத்தைத் தீர்மானிப்பது துணுக்கின் அளவு. பொடியானால் உயரம் கூடும், பெரிதானால் குறையும். தொட்டி உயரமா குட்டையா என்பதால் அது மாறாது, அதனால் குட்டைத் தொட்டியில் பொடிக் கலவை போட்டால் பாதித் தொட்டி சதுப்பாக இருக்கும். அடியில் கூழாங்கல் பரப்பினால் வடிகால் கூடும் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள், பொடிக் கலவையில் அப்படி நடப்பதில்லை. ஈரப் பகுதி கல்லுக்கு மேலே ஏறிக்கொள்ளும், வேருக்கு இன்னும் பக்கத்தில். அதற்குப் பதிலாக ஒரு சின்ன வலைத்தொட்டியைத் தொட்டியின் நடு அடியில் கவிழ்த்து வைத்து அதன் மேல் கலவையைப் போடுங்கள், எப்போதும் ஈரமாக இருக்கும் அந்த நடுப்பகுதியில் காற்று உட்கார்ந்துகொள்ளும். செலவே இல்லாத இந்த ஏற்பாடு பல விலையுயர்ந்த தொட்டிகளைவிட மேல்.

ஆரம்பிப்பவர்களுக்குக் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் தொட்டியைத்தான் சொல்வேன். வேரின் நிறம் தெரியும், உள்சுவரில் பனித்தது போல நீர்த்துளி இருக்கிறதா என்றும் தெரியும். சுடுமண் தொட்டி பக்கவாட்டிலும் உலரும், அதிகமாக ஊற்றுகிறவர்களுக்கு நல்லது. துளையில்லாத அழகுத் தொட்டிக்குள் இதை வைக்கும் வழக்கம் உண்டு இல்லையா, அங்கேதான் ஆபத்து. வடிந்த தண்ணீர் அடியில் தேங்கி நிற்பது வெளியே தெரியாது. ஊற்றி முடித்துக் கால்மணி நேரத்தில் எடுத்துக் கவிழ்த்துவிடுங்கள், அல்லது அடியில் சில கற்களை வைத்து உள்தொட்டி தண்ணீரைத் தொடாமல் உயர்த்தி வையுங்கள்.

படி 6: மாற்றி நடுங்கள்

சரியான காலம் பூ முடிந்து புது வேர்நுனி, பச்சையாகவோ சிவப்பாகவோ, எட்டிப் பார்க்கும் நேரம். வேர் அழுகுகிறது என்று சந்தேகம் வந்தால் காலம் பார்க்க வேண்டாம், பூ இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

கடையில் வாங்கிய ஃபலனாப்சிஸ் என்றால் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்: வேர்க்கட்டின் நடுவில், தண்டுக்கு நேர் கீழே, நாற்றுப் பருவத்தில் வைத்த பாசிக் கட்டியோ நுரைக் கட்டியோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். வெளியே நல்ல பட்டை போட்டிருப்பார்கள், நடுவில் இந்தக் கட்டி மட்டும் வாரக்கணக்கில் காயாது. அழுகல் அங்கே ஆரம்பித்துத் தண்டுக்கு ஏறும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, விரலாலோ மழுங்கிய குச்சியாலோ கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுங்கள். நல்ல வேரைச் சுற்றி இறுகப் பிடித்திருக்கும் சில இழைகளை விட்டுவிட்டால் பரவாயில்லை.

அடுத்து வேர்களை ஒவ்வொன்றாக மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, நிறம் என்னவாக இருந்தாலும். பட்டையில் கிடந்த வேர் பழுப்பாகக் கறை படிந்திருப்பது சகஜம், அதைப் பார்த்து வெட்டிவிடாதீர்கள். அழுத்தினால் நசுங்கி நீர் வருகிறது, அல்லது தோல் உருவிக்கொண்டு உள்ளே கம்பி மாதிரி நார் மட்டும் நிற்கிறது என்றால் அது போய்விட்டது, கெட்டியான பகுதி வரை வெட்டுங்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் நடுவில் தீயில் காட்டிச் சுத்தம் செய்யுங்கள். சிம்பிடியம் மொசைக் வைரஸ் போன்றவை கத்தரி வழியாகத்தான் ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குப் போகின்றன, வந்தால் மருந்து கிடையாது. வெட்டிய முனையில் மட்டும் லேசாகப் பட்டைத்தூள், அதாவது சமையல் இலவங்கப்பட்டைப் பொடி, தொட்டு வைக்கலாம். வேர் முழுக்கத் தூவினால் நல்ல வேரையும் காயவைத்துவிடும்.

நட்டுவிட்டுத் தொட்டியை நாலு தட்டுத் தட்டினால் துணுக்குகள் இறங்கி உட்காரும், பாசி என்றால் தட்டவும் வேண்டாம். தொட்டிக்கு வெளியே வளர்ந்த காற்றுவேர்களை உள்ளே திணிக்காதீர்கள். செடி ஆடினால் குச்சி வைத்துக் கட்டுங்கள், ஆடும் செடியில் புது வேர்நுனி உராய்ந்து உராய்ந்து நின்றுவிடும். வேரை நிறைய வெட்டியிருந்தால் 3 முதல் 5 நாள் தண்ணீர் வேண்டாம், காயம் ஆறட்டும். அதுவரை நேர்வெயில் படாத, ஈரக்காற்று உள்ள இடத்தில் வையுங்கள்.

படி 7: தண்ணீர்

நாள்காட்டியைப் பார்த்து ஊற்றாதீர்கள், தொட்டியைப் பார்த்து ஊற்றுங்கள். ஊற்றி வடிந்ததும் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், அந்த எடை கையில் பதியட்டும். தினமும் ஒருமுறை தூக்கினால் சில வாரங்களில் எடையை வைத்தே சொல்லிவிடுவீர்கள். அதுவரை ஒரு சீவிய மூங்கில் குச்சியைக் கலவையில் அடிவரை செருகி வைத்துக்கொள்ளுங்கள், உருவிப் பார்த்தால் எது வரை ஈரம் என்று தெரியும், கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். தெளிவான தொட்டியில் வேர் பச்சையாக இருந்தால் காத்திருங்கள், பெரும்பாலான வேர்கள் வெள்ளியாகி உள்சுவர்த் துளிகளும் மறைந்த பிறகு ஊற்றுங்கள். மேற்பரப்பை விரலால் தொட்டுப் பார்ப்பது மட்டும் போதாது, ஆர்க்கிட் தொட்டியில் மேலே காய்வதற்கும் அடியில் காய்வதற்கும் நடுவே பல நாள் இருக்கும்.

ஊற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம். வேர் அழுகும் என்ற பயத்தில் நாளுக்கு இரண்டு கரண்டி ஊற்றுகிறவர்கள் உண்டு, அது இரண்டு வகையிலும் கெடுதல். மேலே எப்போதும் ஈரம், உள்ளே ஒரு பக்கம் வறட்சி, உரத்தின் உப்பு கழுவப்படாமல் படிந்துகொண்டே போகும். ஊற்றினால் அடியில் தாராளமாக ஓடும்வரை ஒரு நிமிடமாவது ஊற்றுங்கள், அப்படி ஓடும் தண்ணீர் பழைய காற்றைத் தள்ளிவிட்டுப் புதுக் காற்றை உள்ளே இழுக்கும். அப்புறம் உலரும் வரை தொடாதீர்கள். வாளியில் 10, 15 நிமிடம் ஊறவைப்பதும் நல்ல முறைதான், ஆனால் ஒரே வாளித் தண்ணீரில் எல்லாச் செடிகளையும் முக்கி எடுக்க வேண்டாம், ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போகும்.

காலையில் ஊற்றுங்கள், இரவுக்குள் இலையும் குருத்தும் உலர வேண்டும். ஃபலனாப்சிஸ் குருத்தின் நடுக்குழியில் தண்ணீர் நின்றால் துணி நுனியாலோ தாளாலோ ஒற்றி எடுத்துவிடுங்கள். வேர் அழுகினால்கூடச் செடியைக் காப்பாற்றலாம், ஃபலனாப்சிஸில் குருத்து அழுகினால் அந்தத் தண்டு மேற்கொண்டு வளராது. சிறிய மின்விசிறி ஒன்று மெதுவாகச் செடிகளுக்கு மேலே ஓடினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தண்ணீர் ஊற்றுவதற்குப் பதிலாகத் தொட்டியில் ஐஸ்கட்டி வைப்பது பற்றிக் கேட்பார்கள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் சேர்ந்து பட்டைக் கலவையில் இருந்த ஃபலனாப்சிஸில் சோதித்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில் வாரம் 3 ஐஸ்கட்டி வைத்த செடிகளின் பூ ஆயுள் குறையவில்லை என்று கண்டார்கள். ஆகவே குளிரில் வேர் செத்துவிடும் என்ற பயம் தேவையில்லை. என்றாலும் உப்பைக் கழுவும் வேலையை ஐஸ்கட்டி செய்யாது, வருடக்கணக்கில் வைத்திருக்கும் செடிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

குளிர்காலத்தில், வெளிச்சம் குறைந்த நாள்களில், செடி குடிப்பதும் குறையும், கலவை காய்வதும் தாமதிக்கும். கோடையில் பழகிய கையை அப்போது கட்டிப்போட வேண்டும். நோபிலி வகை டென்ட்ரோபியத்துக்குக் குளிர்காலத்தில் வறண்ட ஓய்வே தேவை, அப்போதுதான் மொட்டு வைக்கும்.

படி 8: எந்தத் தண்ணீர், எவ்வளவு உரம்

மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கிடைத்தால் நல்லது. குழாய்த் தண்ணீரும் பெரும்பாலும் போதும், கடினத்தன்மை நீக்கும் கருவி வழியாக வரும் தண்ணீரை மட்டும் தவிருங்கள், அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைச் சேர்க்கிறது. உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள், மாதத்துக்கு ஒருமுறை வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள். வேர்நுனி மட்டும் கறுத்து நின்றுபோவதும், துணுக்குகளின் மேல் வெள்ளைப் படிவும் உப்பு கூடியதற்கு அடையாளம். உப்பால் காயப்பட்ட வேர் அழுகலுக்குச் சுலபமாக இரையாகும், தண்ணீர் சரியாக ஊற்றியும் வேர் போகிறதே என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

படி 9: அழுகிவிட்டால்

இலை சுருக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், தாகத்திலும் அழுகலிலும் இலை ஒரே மாதிரிதான் சுருங்கும். கலவை காய்ந்து வேர் கெட்டியாக இருந்தால் தாகம், நனைத்தால் சில நாளில் சரியாகிவிடும். கலவை ஈரமாக இருந்தும் இலை துவண்டால், புளித்த வாடை வந்தால், சின்னக் கறுப்புக் கொசுக்கள் மேலே பறந்தால், அன்றைக்கே கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

பாதி வேர் மிஞ்சினால் படி 6-ல் சொன்னபடி சுத்தம் செய்து, முன்பைவிடச் சிறிய தொட்டியில், புதுக் கலவையில் வையுங்கள். பழைய பட்டையைத் திரும்பப் போடக் கூடாது, களிமண் உருண்டைகள் என்றால் கொதிக்க வைத்துப் பயன்படுத்தலாம். ஹைட்ரஜன் பெராக்சைடை வேர் முழுக்க ஊற்றி நுரைக்க விடுவதைப் பலர் செய்கிறார்கள். நல்ல திசுவையும் அது சுடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை, கத்தரி போதும்.

வேர் ஒன்றிரண்டுதான் மிச்சம், அல்லது ஒன்றுமே இல்லை என்றால், குடிக்க வழியில்லாத செடி காற்றில் நீரை இழக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. நனைத்து நன்றாகப் பிழிந்த பாசியைக் கொஞ்சமாக ஒரு தெளிவான டப்பாவின் அடியில் பரப்பி, செடியின் அடிப்பகுதி பாசியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்து, வெளிச்சமான ஆனால் வெயில் படாத வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். பூக்காம்பு இருந்தால் வெட்டிவிடுங்கள், பூவுக்குச் செலவிட அதனிடம் ஒன்றுமில்லை. நாளுக்கு ஒருமுறை திறந்து காற்றாட விட்டு, பூஞ்சை இழை தெரிகிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் ஆகலாம், பழைய இலை ஒன்றிரண்டு உதிரவும் செய்யலாம், அதற்காகப் பதறி உரம் கொடுக்காதீர்கள், உறிஞ்ச வேர் இல்லாத செடிக்கு உரம் வெறும் உப்பு. அடியில் புது வேர் கிளம்பி 3, 4 செ.மீ. நீண்டதும் வேர் அளவுக்கே ஒரு சின்னத் தொட்டியில், சிறு பட்டையும் கொஞ்சம் பாசியும் கலந்து நடுங்கள். அந்த வேர் தொட்டியின் சுவரைத் தொட்டு இரண்டாவது வேரும் வந்த பிறகு, கால் பங்கு உரத்தை முதல் தடவையாகக் கொடுக்கலாம்.